ஃபோலிக் அமில மாத்திரையை ஏன் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்?

கர்ப்பம் உறுதியானதும் மருத்துவர் எழுதித் தரும் முதல் மாத்திரை பெரும்பாலும் ஃபோலிக் அமிலம்தான். ஒருநாள்கூடத் தவறவிடாமல் அதைச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் எந்தக் குறைபாட்டைத் தடுப்பதற்காக அந்த மாத்திரை முக்கியமாகத் தரப்படுகிறதோ, அது உருவாவதும் உருவாகாமல் போவதும் பல சமயம் சீட்டு கைக்கு வருவதற்குள் முடிவாகிவிட்டிருக்கும்.

ஒரு தேதிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு மாதத்தின் 1ஆம் தேதி மாதவிடாய் வருகிறது, 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். 14, 15ஆம் தேதிவாக்கில் கருமுட்டை வெளியேறும். கரு உண்டாவதும் அப்போதுதான். அடுத்த மாதவிடாய் 29ஆம் தேதி வர வேண்டும். வரவில்லை. "நாலு நாள் பார்க்கலாம்" என்று இருந்துவிட்டு, அப்புறம் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பதற்குள் அடுத்த மாதத்தின் முதல் வாரம் ஆகிவிடும். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் குழாய் முழுதாக மூடிக்கொள்வது, கரு உண்டானதிலிருந்து ஏறத்தாழ 28ஆம் நாள். அதாவது அந்த அடுத்த மாதத்தின் 12 அல்லது 13ஆம் தேதி. மருத்துவர்கள் கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், அவர்கள் கணக்கில் இது ஆறாவது வாரத்தின் முடிவு. முதல் பரிசோதனைக்கே எட்டாவது, பத்தாவது வாரத்தில் போகிறவர்கள் ஏராளம்.

இன்னொன்றும் இருக்கிறது. மாத்திரை போட்ட அன்றே உடம்பில் ஃபோலேட் ஏறிவிடாது. தினம் ஒரு மாத்திரை என்று சாப்பிட்டுவந்தால், ரத்தச் சிவப்பணுக்களில் அது போதுமான அளவை எட்ட இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே "உறுதியானதும் ஆரம்பிக்கலாம்" என்பது இந்த ஒரு விஷயத்தில் பிந்திய யோசனை.

அது என்ன குழாய்?

கரு உண்டாகி மூன்றாவது வாரம். கரு அப்போது ஒரு சின்னத் தட்டு மாதிரி இருக்கிறது. அதன் முதுகுப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பட்டை தடிக்கிறது. அதன் நடுவில் பள்ளம் விழுகிறது. இரண்டு ஓரங்களும் மேலே எழும்பி ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. ஒரு தாளின் இரு ஓரங்களையும் தூக்கி நடுவில் சேர்த்து ஒட்டினால் எப்படி ஒரு குழல் கிடைக்குமோ, அப்படித்தான். இதுதான் நரம்புக்குழாய். மருத்துவர்கள் நியூரல் டியூப் என்பார்கள்.

ஓரங்கள் முதலில் ஒட்டுவது பிற்காலத்தில் கழுத்து வரப்போகும் இடத்தில். அங்கிருந்து மூடல் மேலும் கீழுமாக நகர்கிறது. கடைசிவரை திறந்திருப்பவை இரண்டு முனைகள். தலைப்பக்கத்து முனை 25ஆம் நாள்வாக்கில் மூடுகிறது, கீழ்முனை இரண்டு மூன்று நாள் கழித்து. அப்போது கருவின் மொத்த நீளமே ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். தலைப்பக்கம் மூளையாகவும் மற்றது தண்டுவடமாகவும் வளரும். மேலே மண்டையோடும் முதுகெலும்பும் தோலும் மூடிக்கொள்ளும்.

இந்த மூடலில் எங்காவது இடைவெளி விழுந்தால் அதுதான் நரம்புக்குழாய்க் குறைபாடு. எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாக மாறுகிறது.

தலைப்பக்கம் மூடாமல் போனால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாது. இதற்கு அனென்செஃபலி என்று பெயர். இந்தக் குழந்தைகள் வயிற்றிலேயே இறந்துவிடுகிறார்கள், அல்லது பிறந்து சில மணி நேரம், சில நாட்கள் மட்டுமே இருக்கிறார்கள். சிகிச்சை என்று எதுவும் இல்லை. கொஞ்சம் அரிதான இன்னொரு வகையில் மண்டையோட்டில் ஒரு இடைவெளி விழுந்து, அதன் வழியாக மூளையின் உறையோ மூளைத் திசுவோ பை போல வெளியே பிதுங்கியிருக்கும். அது என்செஃபலோசீல்.

முதுகுப் பக்கம் மூடாமல் போவது ஸ்பைனா பிஃபிடா. இதிலேயே தரம் தரமாக உண்டு. சில குழந்தைகளுக்கு முதுகில் நீர் நிறைந்த ஒரு பை மட்டும் இருக்கும். நரம்புகள் அதற்குள் இராது, பாதிப்பும் குறைவு. கடுமையான வகையான மைலோமெனிங்கோசீலில் தண்டுவடமும் நரம்புகளும் அந்தப் பைக்குள்ளேயே வந்துவிடும். பெரும்பாலும் இது இடுப்புக்குப் பக்கத்தில்தான் வருகிறது. அந்த இடத்துக்குக் கீழே போக வேண்டிய நரம்புகள் பழுதாவதால் கால்களில் பலம் குறையலாம், உணர்ச்சி இல்லாமல் போகலாம், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் நிற்காது. இடைவெளி முதுகில் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு இழப்பு அதிகம். இத்துடன் மூளையின் பின்பகுதி கீழே இறங்கி, மூளைநீர் வடியும் வழி அடைபட்டு, தலையில் நீர் தேங்குவதும் சேர்ந்துகொள்ளும்.

நடுவில் ஒரு பயத்தை இறக்கிவைத்துவிடலாம். முதுகுவலிக்கு எக்ஸ்ரே எடுத்த பெரியவர்கள் பலரின் அறிக்கையில் "ஸ்பைனா பிஃபிடா ஆக்கல்டா" என்று எழுதியிருக்கும். முதுகெலும்பின் பின்பக்க எலும்பு வளைவு மட்டும் சேராமல், தண்டுவடமும் தோலும் சரியாகவே இருக்கும் நிலை அது. பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் வராது. மேலே சொன்னதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. பிறந்த குழந்தையின் இடுப்புக்கு மேல் முடிக்கற்றையோ ஆழமான குழியோ கொழுப்புக் கட்டியோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் கர்ப்பங்களில் இந்தக் குறைபாடுகள் ஏற்படுவதாகக் கணக்கிடப்படுகிறது. பல நாடுகளில் ஆயிரத்துக்கு ஒன்றையொட்டிய விகிதம். சில இடங்களில் அதைவிடக் கூடுதல். மாத்திரை சாப்பிடாத பெண்களுக்கும் பெரும்பாலும் நல்லபடியாகவே குழந்தை பிறக்கிறது என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு விட்டமின் எப்படி உள்ளே வந்தது?

ஃபோலேட் என்பது பி9 விட்டமின். செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் டிஎன்ஏ முழுவதும் இன்னொரு நகல் எடுக்கப்பட வேண்டும். அந்த வேலைக்கு ஃபோலேட் தேவை. நரம்புக்குழாய் மூடும் நாட்களில் செல்கள் பெருகும் வேகம் அசாத்தியமானது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோலிக் அமிலம் இதே விட்டமினின் செயற்கை வடிவம்.

கதை 1930களின் தொடக்கத்தில் பம்பாயில் ஆரம்பிக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அங்கே கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகைக் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அந்தச் சாற்றில் இருந்தது பிற்பாடு ஃபோலேட் என்று தெரியவந்தது. பிறவிக் குறைபாட்டுக்கும் ஃபோலேட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1965இல் ஹிப்பார்டு, ஸ்மித்தெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்கு அப்புறமும் கால் நூற்றாண்டு விவாதம் ஓயவில்லை.

அதை முடித்துவைத்தது 1991இல் வெளியான ஓர் ஆய்வு. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 7 நாடுகளில் 33 மையங்களில் நடத்தியது. ஏற்கெனவே நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள கர்ப்பம் ஒன்றைச் சந்தித்த பெண்களைத்தான் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், மற்றவர்களுக்கு அது இல்லை. குறைபாடு திரும்ப வந்த 27 கர்ப்பங்களில் 6 மட்டுமே மாத்திரை எடுத்தவர்கள் பக்கம். மற்ற 21 எடுக்காதவர்கள் பக்கம். அதாவது 72 சதவீதப் பாதுகாப்பு. வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று தெரிந்தபின் ஒரு சாராருக்கு மாத்திரை கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று, ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே வெளியான ஹங்கேரி நாட்டு ஆய்வு, இதற்குமுன் அப்படி எதுவும் நேராத பெண்களுக்கும் இது பலன் தருகிறது என்று காட்டியது. முக்கியமான செய்தி இது. ஏனென்றால் பாதிக்கப்படும் குழந்தைகளில் பெரும்பான்மையினரின் குடும்பத்தில் இதற்கு முன்கதை கிடையாது. "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே" என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது பாதுகாப்பு ஆகாது.

எவ்வளவு, எப்போதிலிருந்து?

பொதுவான அளவு தினம் 400 மைக்ரோகிராம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் நாளிலிருந்து தொடங்கி, குறைந்தது கர்ப்பத்தின் 12ஆம் வாரம் முடியும்வரை. கருத்தரிப்பதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே தொடங்கினால் நல்லது. ஒரு மாதமாவது வேண்டும். உலகில் ஏறத்தாழ பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாமல் வருபவை. அதனால்தான் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் எல்லோருமே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கலாம் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1992இலேயே சொன்னது. என் அபிப்பிராயத்தில், கருத்தடை மாத்திரையை நிறுத்துவது, கருத்தடை வளையத்தை எடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசும் நாள்தான் இதற்குச் சரியான நாள். அன்றே ஃபோலிக் அமிலத்தைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

அட்டையைக் கையில் வாங்கியதும் அளவைப் படியுங்கள். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். ஆக 400 மைக்ரோகிராம் என்றால் 0.4 மில்லிகிராம். கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையும் கிடைக்கும். அது 5000 மைக்ரோகிராம், பன்னிரண்டரை மடங்கு. தவறி ஒருநாள் சாப்பிட்டுவிட்டால் ஆபத்து ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பெரிய அளவு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கென்று வைத்திருப்பது. மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் எடுக்க வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய ஃபோலிக் அமிலம் பி12 குறைவால் வரும் ரத்தசோகையை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும். இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பி12 குறைவும் தன் பங்குக்கு நரம்புக்குழாய்க் குறைபாட்டின் ஆபத்தைக் கூட்டுகிறது.

பல விட்டமின்கள் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஃபோலிக் அமிலம் போதவில்லை என்று அதையே இரண்டு மூன்றாகப் போடக்கூடாது. கூடவே விட்டமின் ஏ ஏறிவிடும். ரெட்டினால் வடிவத்தில் அது அதிகமானால் அதுவே கருவுக்குக் கேடு.

ஒருநாள் மறந்துவிட்டால்? அடுத்த நாள் வழக்கம்போல ஒன்று, இரட்டிப்பாக வேண்டாம். ஒன்றுமே எடுக்காமல் கர்ப்பம் தெரிந்துவிட்டால்? அன்றே ஆரம்பியுங்கள். ரத்தசோகையைத் தடுப்பது உட்பட அதற்கு வேறு வேலைகளும் இருக்கின்றன.

சரி, சாப்பாட்டிலேயே கிடைக்காதா?

கிடைக்கும். கீரைகள், பயறு வகைகள், நிலக்கடலை, ஆரஞ்சு எல்லாவற்றிலும் ஃபோலேட் இருக்கிறது. ஆனால் அது வெப்பத்தில் சிதையும், வேகவைத்த தண்ணீரோடு இறங்கிப்போய்விடும், மிஞ்சியதும் மாத்திரையில் உள்ளது அளவுக்கு உடம்பில் ஏறாது. கர்ப்பத்துக்கு வேண்டிய கூடுதல் அளவைத் தினமும் தட்டிலிருந்தே நிச்சயமாக எடுப்பது கஷ்டம். சத்தாகச் சாப்பிடுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள்.

இதற்காகத்தான் பல நாடுகள் மாவிலேயே ஃபோலிக் அமிலத்தைக் கலக்கின்றன. அமெரிக்காவில் தானிய மாவுகளில் கலப்பது 1998 ஜனவரியில் கட்டாயமானது. கனடாவும் அதே ஆண்டில், சிலி 2000இல். கனடாவில் இந்தக் குறைபாடுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத, கர்ப்பத்தை எதிர்பார்த்தே இராத பெண்களையும் இந்த வழி எட்டுகிறது. 1991 ஆய்வை நடத்திக் காட்டிய பிரிட்டன் மட்டும் 2021வரை யோசித்துக்கொண்டே இருந்து, 2024இல்தான் சட்டமாக்கியது. ஆதாரம் கையில் இருந்தும் முப்பது ஆண்டு உட்கார்ந்திருந்ததற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஃபோலிக் அமிலம் வேலை செய்யாது, விலை கூடிய வேறு ஃபோலேட்தான் வேண்டும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அந்த மாற்றம் உள்ளவர்கள் உடம்பும் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். இந்தக் குறைபாடுகளைத் தடுக்கும் என்று ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டிருப்பதும் ஃபோலிக் அமிலம்தான்.

யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்?

வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் வருவார்கள், அதிலும் வால்ப்ரோயேட் எடுப்பவர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அதைச் சாப்பிட்ட நூறு தாய்மார்களில் ஒன்றிரண்டு பேரின் குழந்தைக்கு ஸ்பைனா பிஃபிடா வருகிறது. இதைப் படித்ததும் யாரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் கடும் வலிப்பு வந்து தாய், குழந்தை இரண்டு உயிருக்கும் ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள்வதுதான் வழி. கார்பமசெபைன் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் ஆபத்தைக் கூட்டுகிறது, ஆனால் வால்ப்ரோயேட்டைவிடக் குறைவாக. வால்ப்ரோயேட் மனநல சிகிச்சையிலும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படுவதால், "எனக்கு வலிப்பே இல்லையே" என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ரத்தச் சர்க்கரையைக் கருத்தரிக்கும் முன்னரே கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் அது கணிசமாக இறங்கும். கர்ப்பத்தின் பாதியில் புதிதாக வரும் சர்க்கரை வேறு. அது வரும்போது குழாய் மூடி மாதங்கள் ஆகியிருக்கும். உடல் பருமன், குடலில் சத்து உறிஞ்சப்படாத நோய்கள், எடை குறைக்கச் செய்த அறுவைசிகிச்சை, மெத்தோட்ரெக்சேட் போல ஃபோலேட்டைத் தடுக்கும் மருந்துகள் இவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் கடும் காய்ச்சலும், வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் இருப்பதும்கூட நல்லதல்ல.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் சிலருக்கு இந்தக் குறைபாடு வரத்தான் செய்கிறது. பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் இது. ஃபோலிக் அமிலம் ஒரு பெரும்பகுதியைத் தடுக்கிறது, முழுவதையும் அல்ல. குழந்தை பிறந்த வீட்டில் வந்து "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று தாயைக் கேட்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அனென்செஃபலி 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்பைனா பிஃபிடா தெரிவது 18 முதல் 22 வாரத்தில் எடுக்கும் விரிவான ஸ்கேனில். அதில் மருத்துவர் முதுகை மட்டும் பார்ப்பதில்லை, தலையையும் பார்க்கிறார். தண்டுவடத்தில் திறப்பு இருந்தால் மூளை கீழ்நோக்கி இழுபடும். அதனால் நெற்றியெலும்பு இரு பக்கமும் உள்வாங்கி, மண்டையோடு எலுமிச்சை வடிவத்தில் தெரியும். சிறுமூளை வளைந்து வாழைப்பழம் போல் ஆகிவிடும். எலுமிச்சை அடையாளம், வாழைப்பழ அடையாளம் என்றே மருத்துவப் பாடங்களில் பெயர். முதுகில் உள்ள சின்னத் திறப்பைவிட இவை கண்ணில் படுவது எளிது.

தாயின் ரத்தத்தில் செய்யும் ஒரு சோதனையும் உண்டு. கருவின் கல்லீரல் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதத்தைச் சுரக்கிறது. திறந்த குறைபாடு இருந்தால் அது பனிக்குட நீரில் கசிந்து, தாயின் ரத்தத்திலும் ஏறும். 15 முதல் 20 வாரத்துக்குள் பார்ப்பார்கள். அளவு கூடியிருந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம். கர்ப்ப வாரம் தப்பாகக் கணக்கிடப்பட்டிருந்தாலும், இரட்டைக் குழந்தையாக இருந்தாலும் இது கூடும். அடுத்த படி விரிவான ஸ்கேன்தான். தேவைப்பட்டால் பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பார்கள்.

பிறந்த பிறகு

முதுகில் திறந்த பையோடு பிறக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் அறுவைசிகிச்சை செய்து அதை மூடுகிறார்கள். தொற்று மூளைக்குப் பரவாமல் தடுப்பதும், மிச்சமுள்ள நரம்புகளைக் காப்பதும்தான் நோக்கம். ஏற்கெனவே போன உணர்ச்சி திரும்பாது. தலையில் நீர் தேங்கினால் அதை வயிற்றுக்கு வடியவைக்கும் ஷன்ட் என்ற மெல்லிய குழாயைப் பொருத்துவார்கள். குழந்தை கருப்பையில் இருக்கும்போதே, 26 வாரத்துக்கு முன்பு, முதுகை மூடும் அறுவைசிகிச்சையும் சில பெரிய மையங்களில் நடக்கிறது. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அப்படிச் செய்த குழந்தைகளில் 40 சதவீதத்தினருக்கு மட்டுமே ஷன்ட் தேவைப்பட்டது. பிறந்தபின் செய்தவர்களில் 82 சதவீதம். உதவியின்றி நடந்தவர்களும் இரட்டிப்பு. பதிலுக்குக் குறைப்பிரசவ ஆபத்து கூடுகிறது, தாயின் கருப்பையில் நிரந்தரத் தழும்பு விழுகிறது.

இந்தக் குழந்தைகளில் பலர் பள்ளிக்குப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். நடப்பதைவிட அன்றாடம் பெரிய வேலையாக இருப்பது சிறுநீர்ப்பை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீரை வெளியேற்றாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும். குழந்தை ஓரளவு வளர்ந்ததும் தானே அதைச் செய்யப் பழகிக்கொள்கிறது. இவர்களில் பலருக்கு லேட்டக்ஸ் ரப்பர் ஒவ்வாது என்பதால் கையுறை, பலூன் போன்றவற்றில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு கர்ப்பத்தில் இந்தக் குறைபாடு வந்திருந்தால், அடுத்ததிலும் வர நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு. இவர்களுக்குத்தான் அந்தப் பெரிய அளவு: தினம் 4 அல்லது 5 மில்லிகிராம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்து 12 வாரம்வரை, மருத்துவரின் சீட்டோடு. தாய்க்கோ தந்தைக்கோ ஸ்பைனா பிஃபிடா இருந்தாலும் இதே அளவுதான். தந்தை பக்கத்து விவரத்தை மருத்துவமனையில் பல சமயம் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.